நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன

முதல் நாள், வியாழன் இரவு

டெக்சஸின் சான் அன்டோனியோவை விட்டுக் கிளம்பும்போது மணி நான்கு. லரேடோ போகும் 35ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் கொட்டூலா. பியர்சால் தாண்டியதுமே இரண்டு பக்கமும் நிலம் மாறிவிடுகிறது. மரம் என்றும் சொல்ல முடியாது, புதர் என்றும் சொல்ல முடியாது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு முழம் நிற்கும் முள், கண்ணுக்கு எட்டின தூரம் வரை. ராமநாதபுரத்துப் பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரியே இருந்தது, சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே மெஸ்கீட் என்கிறார்கள். நம் சீமைக்கருவேலத்துக்கு அக்கா தங்கை முறை, ஒரே புரோசோபிஸ் குடும்பம். நம் ஊரில் வேரோடு பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரை போன மரம். இங்கே அதன் கட்டையில் கறி சுட்டால் தனி ருசி என்று மூட்டை கட்டி விற்கிறார்கள். அதன் காலடியில் சப்பாத்திக்கள்ளி. குளிர்காலத்தில் மெஸ்கீட் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கிறது. ஆனால் ஊடே வளரும் பிளாக்பிரஷ், கிரான்ஹேனோ எல்லாம் பெரும்பாலும் பச்சையாகவே இருப்பதால், பத்தடிக்கு அப்பால் மாடு நின்றாலும் தெரியாது.

எதற்கு இந்தப் பயணம் என்று கேட்பீர்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் விடுமுறை விட்டால் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய மாமனார் கொட்டூலாவுக்குக் கிழக்கே ஒரு மாட்டுப் பண்ணையை நாற்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். ஜனவரி நடுவில் பெரிய மான் சீசன் முடிந்ததும் பண்ணைகள் கொயோட்டி வேட்டைக்குத் திறந்துவிடும். கொயோட்டி என்றால் நம் நரிக்கும் ஓநாய்க்கும் சொந்தமான, நாய் இனத்து மிருகம். "சுட வேண்டாம், சும்மா வந்து பார்" என்றார். சரி என்று ஏறிவிட்டேன். பெயர் போடக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் இவர் இனிமேல் மருமகன், அவர் பெரியவர்.

எங்கள் ஊர் வாழப்பாடிப் பக்கம். அங்கே பொங்கலை ஒட்டி வங்காநரி பிடித்து, கோயிலைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி காட்டில் விடுவது பழைய வழக்கம். நரி முகத்தில் முழித்தால் அந்த வருடம் மழை, வெள்ளாமை எல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. வனத்துறை இப்போது விடுவதில்லை, பிடித்தால் அபராதம். ஆக, நரியை வலை கட்டிப் பிடிக்கிற கதை கேட்டு வளர்ந்தவன் நான். வாசனையை வைத்துப் பிடிக்கலாம் என்பது புதுசு.

பண்ணைக்கு வரும்போது இருட்டிவிட்டது. பெரியவர் கை கொடுத்துவிட்டு முதல் வேலையாக என் ஜாக்கெட்டை மோந்து பார்த்தார். பெருங்காயம். காலையில் ரசம் தாளித்தபோது போட்டிருந்தது. வாசனை போக்கும் சோப்பு என்று கடையில் விற்கிறார்களே, அதைப் போட்டுக் குளித்துவிடட்டுமா என்று மருமகனைக் கேட்டேன். பதில் பெரியவரிடமிருந்து வந்தது.

"எதைப் போட்டுக் குளிச்சாலும் நீ மனுஷன்தான், மிஹோ. எங்கே உட்காரணும்னு கத்துக்கோ."

மிஹோ என்றால் ஸ்பானிஷில் மகனே. நாலு நாளும் நான் மிஹோதான்.

இரவு வெளியே நின்றபோது வடகிழக்கே வானத்தில் ஒரு செம்மஞ்சள் தீ தெரிந்தது. எண்ணெய்க் கிணற்றில் எரிவாயுவைக் கொளுத்திவிடும் தீ. ஈகிள் ஃபோர்டு பாறையடுக்கைத் துளைத்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் வேலை 2008இல் இந்த லா சால் கவுண்டியில்தான் தொடங்கியது. பெரியவருக்கு அந்தத் தீ காற்றுகாட்டி. "வடமேற்கே சாயுது. காலையிலயும் தென்கிழக்குக் காத்துதான்" என்றார். படுக்கப் போகும்போது ஓடைப் பக்கம் ஊளை. இரண்டு இருக்கும் என்று நினைத்தேன். மருமகன் நாலு என்றார். பெரியவர் எண்ணவே இல்லை, எந்தப் பக்கம் என்று மட்டும் கை நீட்டினார்.

இரண்டாம் நாள், வெள்ளி

முதலில் சொற்களைப் பற்றி. ஆங்கிலத்தில் காற்றுக்கு மேல், காற்றுக்குக் கீழ் என்று சொல்வார்கள். தமிழில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து அடிப்பது, குழப்பம். அதனால் காற்று வரும் பக்கம், காற்று போகும் பக்கம் என்றே எழுதுகிறேன்.

காலை முதல் இருப்பு மருமகன் பொறுப்பு. ஓரிடத்தில் மறைந்து உட்கார்ந்து, அடிபட்ட முயலின் குரலை ஒலிக்கவிட்டு, கால் மணி, இருபது நிமிடம் காத்திருப்பதை இங்கே ஸ்டாண்ட் என்கிறார்கள். நாளுக்கு ஏழெட்டு இடம் மாறி மாறி உட்காருவார்கள். மருமகன் ஒரு சின்ன மேட்டைத் தேர்ந்தெடுத்தார். எதிரே புல்வெளி, நல்ல பார்வை. காற்று நேராக முகத்தில். முதுகுக்குப் பின்னால் வறண்ட ஓடையும் அதை மூடிய முள்ளும். காற்று முகத்தில் அடிக்க உட்கார வேண்டும் என்பதுதான் வேட்டைப் பாலபாடம் என்றார். நானும் தலையாட்டினேன்.

முயல் குரல் என்கிறார்களே, கைக்குழந்தை வீறிடுவது போலத்தான் இருக்கிறது. முதல் இரண்டு நிமிடம் கேட்கவே சங்கடமாக இருந்தது. இருபது நிமிடம் போனது. ஒரு ரோட்ரன்னர் பறவை ஓடிவந்து ஸ்பீக்கரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. வேறொன்றும் இல்லை.

எழுந்து திரும்பும்போது பெரியவர் ஓடை மணலைக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு முப்பது காலடி பின்னால். நாங்கள் வரும்போது மிதித்த பூட்ஸ் தடத்தின் மேலேயே, புதிதாக ஒரு வரிசைக் கால்தடம். குந்திப் பார்த்தேன். நாய்த்தடம் மாதிரிதான், ஆனால் ஒடுக்கமாக, முட்டை வடிவில். நடுவிரல் இரண்டின் நகங்கள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் முன்னால் குத்தியிருந்தன. நாய் போல அங்கே இங்கே அலையாமல், நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் வந்திருக்கிறது. ஓரிடத்தில் நாலு காலும் நெருங்கிக் கிடந்தன. அங்கே நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு தடங்களுக்கு நடுவே இரு கை விரித்த நீளத்துக்கு மேல் இடைவெளி, மணல் பின்னால் தெறித்திருந்தது.

"உங்க மூணு பேர் முதுகையும் நல்லாப் பார்த்துட்டுத்தான் போயிருக்கு" என்றார் பெரியவர். தன்னையும் சேர்த்து நாலு பேர் என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது ஆள், கூட வந்திருந்த பக்கத்துப் பண்ணை இளைஞன். இன்று முழுக்க அவன் இரண்டு வார்த்தைதான் பேசினான்.

அப்புறம் வண்டியின் பின்கதவை இறக்கி அதன் மேல் காபி வைத்துக்கொண்டு பாடம் நடந்தது. பாலபாடம் தப்பில்லை, மானுக்குச் சரி. வெட்டவெளியில் கொயோட்டிக்கும் சரி, ஏனென்றால் அது சுற்றி வருவதற்குள் முந்நூறு கஜத்திலேயே தெரிந்துவிடும், ரைஃபிள் வேலையை முடித்துவிடும். அடர்ந்த முள்ளில் அது வருவதே தெரியாது. கொயோட்டி காதால் கேட்டு வரும், கண்ணால் கொஞ்சம் பார்க்கும், நம்புவது மூக்கை மட்டும். முயல் கத்துகிற இடத்துக்கு நேராக ஓடி வராது. முதலில் சுற்றிக்கொண்டு காற்று போகும் பக்கத்துக்கு வந்து, அங்கே நின்று மோந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்தால் அது வரப்போகும் இடம் உன் முதுகு. அங்கே முள் இருந்தால் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எனக்கு நம் பழமொழி ஞாபகம் வந்தது: நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி. மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. "வலமா இடமாங்கிறதுதான் மொத்த விஷயமே" என்றார்.

அவர் பையில் காற்று பார்க்க இரண்டு சாமான். ஒன்று டால்கம் பவுடர் போட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பி. அழுத்தினால் புகை மாதிரி வரும், நாலடி போய்க் கரைந்துவிடும். இன்னொன்று பழைய மாத்திரை டப்பாவில் அடைத்த மில்க்வீட் பஞ்சு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எருக்கம்பஞ்சுக்குச் சொந்தம்! அதே பட்டு மினுமினுப்பு, விதை மட்டும் கொஞ்சம் பெரிது. பஞ்சின் வசதி என்னவென்றால் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே போகும். முதல் இருப்பு இடத்துக்கு மறுபடி கூட்டிப்போய் ஒன்றை என் கையில் கொடுத்தார். விட்டேன். வடமேற்கே நேராகப் போனது, பதினைந்து கஜம், இருபது. ஓடைக்கு மேலே போனதும் ஏதோ கையால் அமுக்கின மாதிரி இறங்கியது. ஓடைக்குள் தயங்கி, ஒரு சுற்று சுற்றி, எங்களைப் பார்த்தே கொஞ்சம் திரும்பி வந்தது. பிறகு ஓடைப் போக்கிலேயே மெதுவாக நகர்ந்தது.

தண்ணீர் பாறையில் மோதிச் சுழிப்பது போலத்தான் காற்றும். மேட்டைத் தாண்டி விழும் இடத்தில் சுழிக்கும். மர வரிசைக்குப் பின்னால் சுழிக்கும். பள்ளம் கிடைத்தால் அதில் இறங்கி ஓடும். எங்கள் நாலு பேர் வாசனையும் என் பெருங்காயமும் இருபது நிமிடமாக அந்த ஓடைக்குள் போய்த் தேங்கியிருக்கிறது. வாய்க்கால் வெட்டி விட்டதுபோல. ஓடை வழியாக வந்த கொயோட்டி முழங்கால் அளவு வாசனைக்குள் நடந்து வந்திருக்கும்.

சின்ன வயதில் களத்துமேட்டில் பாட்டி நெல் தூற்றுவதற்கு முன் ஒரு கைப்பிடி பதரை உதிர்த்துப் பார்ப்பாள். பதர் போகிற பக்கத்தை விட்டு எங்களை எழுப்பி வேறு பக்கம் உட்காரச் சொல்வாள். அதே வேலைக்கு இங்கே மாத்திரை டப்பா.

இரண்டாவது இருப்பு பெரியவருடையது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், இன்று நான் பார்த்ததில் இதுதான் சரக்கு.

முள்காட்டை நேர்கோட்டில் வெட்டிப் போட்ட பாதைகளை செண்டேரோ என்கிறார்கள். இரண்டு பஸ் ஒதுங்கிப் போகலாம், அவ்வளவு அகலம். இது வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. காற்று அதற்குக் குறுக்கே, தென்கிழக்கிலிருந்து. கொயோட்டி படுக்கும் அடர்ந்த முள் வடகிழக்கே, பாதைக்குத் தென்கிழக்குப் பக்கமாக. வண்டியை அரை மைல் தள்ளி, ஒரு பள்ளத்தில் நிறுத்தினோம். கதவைச் சாத்தவில்லை, ஒட்டி வைத்தோம். வாசனை படுக்கை முள்ளுக்குள் போகாத பக்கமாக, அதனால் கொஞ்சம் சுற்றி, நடந்தோம். செண்டேரோவின் தென்கிழக்கு ஓரத்தில், நிழலில், முதுகைப் புதருக்குக் கொடுத்து உட்கார்ந்தோம். புதருக்குப் பின்னால் ஒளிந்தால் நமக்கும் ஒன்றும் தெரியாது, முன்னால் உட்கார்ந்து அசையாமல் இருந்தால் போதுமாம். ஸ்பீக்கரைப் பாதையின் அதே ஓரத்தில், எங்களுக்கு 50 கஜம் முன்னால், புதருக்கடியில் வைத்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வடகிழக்கிலிருந்து வருகிற கொயோட்டி, முயல் கத்தும் இடத்தை மோந்து பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வடமேற்கே போயாக வேண்டும். போக வேண்டுமென்றால் செண்டேரோவைத் தாண்டியே தீர வேண்டும். தாண்டும் இடம் எங்களுக்கு நாற்பது, ஐம்பது கஜம் முன்னால், வெட்டவெளியில். எங்கள் வாசனையோ எங்கள் எதிரிலேயே பாதையைக் கடந்து போய்விடுகிறது. அதைப் பிடிக்க அது இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும். அந்த இன்னும் கொஞ்சம்தான் வேட்டைக்காரனுக்குக் கிடைக்கும் அவகாசம். மூக்கைத் தேடி அது எடுக்கும் சுற்றுப்பாதையில், அதற்கு வேறு வழியில்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியவைப்பது. இவ்வளவுதான் வித்தை. காட்டைப் பார்த்து இடம் பிடிப்பதில்லை, தன் வாசனை போய் முடியும் இடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு இடம் பிடிக்கிறார்கள்.

பெரியவர் கையில் 12 கேஜ் ஷாட்கன். முள்ளுக்குள் அதுதான். தூரம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. மருமகன் ரைஃபிளோடு மறுபக்கம் பார்த்தார். யார் எந்தக் கோணத்துக்குள் சுடலாம் என்று உட்காரும் முன்பே குச்சியால் மணலில் கோடு போட்டுக்கொண்டார்கள்.

பதினோராவது நிமிடம். சத்தமே இல்லை. பாதையின் நடுவில் ஏற்கெனவே நின்றிருந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. சாம்பலும் செம்பட்டையும் கலந்த நிறம், காதுக்குப் பின்னால் துருப்பிடித்த மாதிரி சிவப்பு. ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. முகத்தை எங்களுக்கு விலக்கி, மூக்கை ஒரு விரல்கடை உயர்த்தியது. இன்னும் நாலு அடி வைத்தால் தெரிந்துவிடும் என்பதுபோல முன்காலை எடுத்தது. வெடித்தது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கடுவன். தூக்கினால் 30 பவுண்டு இருக்குமா என்பது சந்தேகம், நம் ஊர்த் தெருநாய் அளவுதான். கண் இன்னும் மஞ்சளாக இருந்தது. முன்பாதத்து விரலிடுக்கில் ஒரு கள்ளிமுள் குத்தி, பழைய புண் ஆறிக் காய்த்திருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை, பெரியவரும் எதுவும் பேசவில்லை. தெற்கு டெக்சஸ் தோலில் முடி மெல்லிசு, விலை போகாது. கறியும் தின்பதில்லை. எதற்கு என்ற கேள்வி எனக்கு வந்தது, நாளைக்குக் கேட்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் நாலு இடம் உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை.

மூன்றாம் நாள், சனி

காலையில் எழுந்தால் காற்றே இல்லை. எண்ணெய்க் கிணற்றுத் தீ செங்குத்தாக நின்றது. காற்றில்லாத நாள் வேட்டைக்கு வசதி என்று நினைத்தேன். பெரியவர் பூட்ஸே மாட்டவில்லை. காற்று இருந்தால் வாசனை ஒரு பக்கம் போகும், இல்லாவிட்டால் ஊறி எல்லாப் பக்கமும் பரவும். எங்கே உட்கார்ந்தாலும் தப்பு. மணிக்கு ஐந்திலிருந்து பத்து மைல் வேகத்தில், ஒரே பக்கமிருந்து அடிக்கிற காற்றுதான் அவருக்குப் பிடித்தது. இருபதுக்கு மேல் போனால் முயல் குரல் கேட்காது, முள் முழுக்கச் சலசலக்கும்.

அதனால் காலை முழுக்கத் திண்ணைப் பேச்சு. வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

டெக்சஸில் கொயோட்டிக்கு சீசனும் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் கிடையாது. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ 95 சதவீத நிலம் தனியாருடையது, நிலக்காரர் அனுமதிதான் எல்லாம். இங்கே நிலக்காரர்களுக்கு மாட்டைவிட மான் வேட்டைக் குத்தகையில் வருமானம். மான்குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் கொயோட்டி நிறைய எடுத்துவிடும். அது ஒரு காரணம். இன்னொன்று பழைய பயம். 1988இல் எல்லையோரத்துக் கொயோட்டிகளிடம் நாய்வெறி நோய் பரவத் தொடங்கி, வடக்கே ஏறிக்கொண்டே வந்தது. 1995இல் மாநில சுகாதாரத் துறை விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரையைக் காடு முழுக்க வீச ஆரம்பித்தது. மீன்தூள் பூசிய சின்னப் பொட்டலம். கடித்தால் மருந்து வாயில் பீச்சும். அந்த வகை வெறிநோய் அடியோடு போய்விட்டது. இப்போதும் ஜனவரியில் எல்லையோரம் விமானம் வரும். பெரியவருடைய நாய் ஒரு முறை அந்தப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு மூன்று நாள் மீன் நாற்றமடித்ததாம்.

"சுட்டு நின்னதில்ல. மருந்து குடுத்துத்தான் நின்னுச்சு" என்றார். "நாற்பது வருஷமாச் சுடறேன். ஒரு வருஷம்கூடக் குறைஞ்ச மாதிரி தெரியல. ஒண்ணு போனா அந்த இடத்துக்குப் பக்கத்துல இருந்து ஒண்ணு வருது."

இதை அவரே சொன்னது எனக்கு ஆச்சரியம். ஆனால் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. அரசு ஆட்களே ஆண்டுதோறும் பல பத்தாயிரம் கொயோட்டிகளைக் கொல்கிறார்கள். அதற்கு நடுவிலேதான், ஒரு காலத்தில் மேற்குப் புல்வெளிகளில் இருந்த இந்த மிருகம் அட்லாண்டிக் கரை வரைக்கும், தெற்கே பனாமா வரைக்கும் பரவியிருக்கிறது. ஓநாயைத் துடைத்தெடுத்தவர்களால் இதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆஸ்டெக்குகளின் நாவாட்ல் மொழியில் கொயோட்ல். பெரியவர் வாயில் கொயோத்தே. மருமகன் கையோட் என்கிறார், நகரத்தார் கையோட்டி என்கிறார்கள். 1823இல்தான் தாமஸ் சே என்ற அமெரிக்க இயற்கையியலாளர் அதற்கு லத்தீன் பெயர் வைத்தார், கானிஸ் லாட்ரான்ஸ், குரைக்கும் நாய் என்று.

மதியம் இரண்டு மணிக்கு வடக்கே அடிவானத்தில் கருநீலமாக ஒரு பட்டை. மழை மேகம் என்று நினைத்தேன். பெரியவர் மாடுகளுக்கு வைக்கோல் உருட்டப் போய்விட்டார். நார்தர் என்று இங்கே பேர், நம் வாடைக்காற்று. ஆனால் நம் ஊர் வாடை மார்கழியில் மெல்ல வந்து சேரும். இது கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. 78 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சட்டையோடு நின்றிருந்தேன், இரண்டு மணி நேரத்தில் 46. தகரக் கூரை அதிர்ந்தது. தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாடியின் வால் கிறீச்சிட்டுக்கொண்டு அரைவட்டம் சுழன்று நின்றது. நேற்று போட்ட கணக்கு அத்தனையும் தலைகீழ். நேற்றைய செண்டேரோ இன்றைக்கு ஒரு காசுக்கு உதவாது.

நான்கரைக்கு வேகம் கொஞ்சம் தணிந்ததும், "டேங்க்குக்குப் போகலாம்" என்றார் பெரியவர். மாட்டுக்குத் தண்ணீர் நிற்க ஓடைக்குக் குறுக்கே கரை கட்டிய குட்டை. டெக்சஸ்காரர்கள் அதை டேங்க் என்பதைக் கேட்டால் நம் பொதுப்பணித் துறைக்காரர்களுக்கு மனம் குளிரும். கரை வடக்கே, தண்ணீர் தெற்கே. நாங்கள் கரையின் வெளிச்சரிவில், உச்சிக்கு நாலடி கீழே உட்கார்ந்தோம். உச்சியில் உட்கார்ந்தால் வானத்தை வெட்டிக்கொண்டு தலை தெரியும். எதிரே வடக்கே முள். காற்று இப்போது முகத்தில்தான், ஆனால் நேற்று போல் இல்லை. முதுகுக்குப் பின்னால் முள்ளுக்குப் பதில் தண்ணீர். மோப்பம் பிடிக்கச் சுற்றினால் குட்டையின் கிழக்கு முனையையோ மேற்கு முனையையோ தாண்டித்தான் போக வேண்டும், அங்கே வெறும் சேறு, கரட்டாண்டி ஓடினாலும் தெரியும். மேற்கு முனையைப் பெரியவர் பார்த்தார், கிழக்கை மருமகன். நான் நடுவில், பஞ்சு டப்பாவோடு.

நானே இரண்டு இழை விட்டேன். கரை உச்சியைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே அழகாகப் போனது. மனதுக்குள் ஒரு பெருமை.

இன்றைக்கு முயல் இல்லை. இது அவற்றுக்கு இணை சேரும் காலம், தன் எல்லையில் அயலான் வந்தால் பொறுக்காது. அதனால் ஒரே ஒரு ஊளை, அப்புறம் மௌனம். அரை மணி நேரம். கை மரத்துவிட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கிளம்பலாம் என்று மருமகன் சைகை காட்டினார். எழுந்து நின்று உச்சிக்கு மேலே தலையைத் தூக்கினேன்.

எதிர்க்கரையில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், சரியாகக் காற்று போகும் பக்கத்தில். நாங்கள் மறைந்திருந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் தலைகீழாக இன்னொன்று. மருமகன் ரைஃபிளை எடுத்தார், பெரியவர் அவர் முழங்கையைத் தொட்டார். தண்ணீர் மேல் சுட்டால் குண்டு தத்திக்கொண்டு எங்கே போகுமோ, தெரியாது. பின்னாலே எண்ணெய்க் கம்பெனியின் குழாய் வேறு. இறக்கிவிட்டார். அது அவசரமே படாமல் ஒரு முறை மண்ணை மோந்துவிட்டு முள்ளுக்குள் போனது.

எப்படிப் போனது? டார்ச் அடித்துத் தேடினோம். கிழக்கு முனையில் உபரித் தண்ணீர் வழிய ஒரு கலிங்கு. அதிலிருந்து வெட்டிய வாய்க்கால் நாலடி ஆழம், புல் மூடியிருந்தது. சேற்றைத்தான் மருமகன் கண் கொட்டாமல் பார்த்தார், இந்தக் கீறலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வாய்க்கால் அடியில் அதே முட்டை வடிவத் தடம், ஒரே கோட்டில், வடக்கிலிருந்து வந்து கரையைச் சுற்றித் தெற்கே. மருமகனுக்குப் பதினைந்து அடி பக்கத்தில் போயிருக்கிறது. பக்கவாட்டில் போனதால் அவர் வாசனை அதற்கு எட்டியிருக்காது. எட்டும் இடம் எதுவென்று அதற்குத் தெரிந்திருந்தது, அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

பெரியவர் வாய்க்காலைப் பார்த்து நின்றார். "இதை வெட்டினது நான்தான். 1996 வறட்சி முடிஞ்ச பிறகு" என்றார். மருமகன் இரவு சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்செடுத்தார். மாமனார் பீன்ஸ் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

நான்காம் நாள், ஞாயிறு

உறைபனி. புல் நுனியெல்லாம் உப்புப் பூத்த மாதிரி. காற்று மறுபடி செத்துவிட்டது, ஆனால் இது நேற்றுக் காலை மாதிரி இல்லை என்றார் பெரியவர். வீட்டுப் புகைபோக்கியைக் காட்டினார். புகை மேலே போகாமல் கூரையிலிருந்து வழிந்து, தரையோடு தரையாக ஓடைப் பக்கம் இறங்கியது. குளிர்ந்த காற்று கனம், பள்ளம் தேடிப் போகும். வெயில் ஏறி நிலம் சூடானால் அதே ஓடையிலிருந்து மேலே கிளம்பும். எட்டு மணிக்கு ஒரு கணக்கு, பத்துக்கு வேறு. நடுவில் அரை மணி நேரம் எதுவும் சொல்ல முடியாது. இவ்வளவு தட்டையான நாட்டில் நாலடிப் பள்ளத்துக்கு இவ்வளவு மரியாதை.

ஓடைக்கு மேலே ஒரே ஒரு இருப்பு. ஒரு காட்டுப்பூனை வந்து எட்டிப் பார்த்தது, பாப்கேட். யாரும் சுடவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். பண்ணைச் சாலையில் மூன்று கேட். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவன்தான் இறங்கித் திறக்க வேண்டும், திறந்த கேட்டை மூட வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். இரண்டாவது கேட்டில் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அறுபது கஜத்தில் ஒன்று சாலையைக் கடந்தது. இடமிருந்து வலம். துப்பாக்கி எல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. நடுவில் நின்று என்னை நேராகப் பார்த்தது. நரி முகத்தில் முழித்தாயிற்று, வாழப்பாடிக்கு இந்த வருடம் மழைக்குக் குறைவிருக்காது.

பிடரியில் லேசாகக் காற்று பட்டது. என்னிடமிருந்து அதை நோக்கி. பெருங்காய ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தேன். அது மூக்கை ஒரு விரல்கடை தூக்கியது, எனக்கு அந்த அசைவு இப்போது தெரியும். அடுத்த நொடி சாலை காலி.

"எந்தப் பக்கம் போச்சு?" என்று வண்டிக்குள்ளிருந்து மருமகன் கேட்டார்.

வலது பக்கம் என்றேன். கேட்டைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.